பிரசவ அறையில் பக்கத்தில் யார்? டூலா வைக்கலாமா என்று முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

டூலா என்பவர், பிரசவ வலியின்போது பெண்ணின் பக்கத்திலேயே இருந்து தெம்பு கொடுக்கக் காசு கொடுத்து அமர்த்தும் துணையாள். "டூலா வைக்கலாமா?" என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் நடுவில் இருந்துதான் தொடங்குகிறார்கள். எந்த டூலா நல்லவர், எவ்வளவு வாங்குவார், எங்கே பயிற்சி எடுத்தார் என்று விசாரித்து முன்பணமும் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் எட்டாம் மாதச் செக்கப்பில் டாக்டரிடம் சொன்னால், "எங்க லேபர் வார்டுல வெளியாளை விடமாட்டோம்" என்று பதில் வருகிறது. உங்கள் பக்கத்தில் யார் நிற்கலாம் என்று முதலில் முடிவு செய்வது மருத்துவமனை. அதற்குப் பிறகுதான் உங்கள் விருப்பமும் உங்கள் பணமும். ஆகவே இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது. தமிழ்நாட்டில், மருத்துவமனையில், முதல் பிள்ளையைப் பெறப்போகும் பெண்ணையும் அவள் வீட்டாரையும் முக்கியமாக மனதில் வைத்து எழுதுகிறேன்.

டூலா என்ன செய்வார், எதைச் செய்யக் கூடாது

டூலா பிரசவம் பார்ப்பவர் இல்லை. நம் பாட்டி காலத்து மருத்துவச்சி பிள்ளையைக் கையில் ஏந்தியவர். இன்றைக்கு அந்தப் பொறுப்பு டாக்டருக்கும், பேறுகாலப் பயிற்சி பெற்ற நர்ஸுக்கும் உரியது. டூலா உள்பரிசோதனை செய்யக் கூடாது, குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்லக் கூடாது, மருந்து கொடுக்கக் கூடாது, உங்களுக்காக முடிவெடுக்கவும் கூடாது. இந்தியாவில் டூலாவுக்கு அரசு உரிமம் என்று ஒன்று கிடையாது. தனியார் அமைப்புகள் கொடுக்கும் சான்றிதழ்தான் உண்டு. அமெரிக்காவில் 1992-ல் தொடங்கிய டோனா இன்டர்நேஷனல் அவற்றில் பரவலாகத் தெரிந்தது.

சரி, அப்படியானால் அவர் என்னதான் செய்கிறார்? வலி தொடங்கியதில் இருந்து பிள்ளை பிறக்கும்வரை உங்களை விட்டு நகராமல் இருக்கிறார். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் லேபர் வார்டில் அதைச் செய்ய வேறு ஆள் கிடையாது. சிஸ்டர் ஒரே நேரத்தில் நாலைந்து பேரைப் பார்க்க வேண்டியிருக்கும், டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார், நடுவில் ஷிப்ட் மாறும். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவகாலப் பரிந்துரைகளின்படி, கர்ப்பவாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகு வரும் தீவிரக் கட்டமே தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம் வரை போகலாம். அதற்கு முந்தைய கட்டம் எவ்வளவு நேரம் என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. அவ்வளவு நேரமும் ஒரே முகம் பக்கத்தில் இருப்பது பெரிய தெம்பு.

கையால் செய்யும் வேலையும் நிறைய உண்டு. வலி முதுகுப் பக்கம் பிடிக்கும்போது இடுப்பின் அடிப்பகுதியை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பார். மல்லாந்து படுத்தே கிடக்காமல் நடக்கவும், முட்டி போட்டுக் குனியவும், பக்கவாட்டில் சாயவும் உதவுவார். தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் நினைவூட்டுவார், ஏனென்றால் நிறைந்த மூத்திரப்பை குழந்தையின் தலை இறங்குவதற்கு இடைஞ்சல். டாக்டர் சொன்னது புரியாவிட்டால் எளிய தமிழில் திருப்பிச் சொல்வார். கணவரை ஒரு மணி நேரம் தூங்கப் போகச் சொல்வதும், அவர் பயந்து போயிருந்தால் எங்கே கை வைத்துத் தடவ வேண்டும் என்று காட்டிக் கொடுப்பதும் அவர் வேலைதான்.

பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களுக்கு மட்டும் வரும் டூலாக்களும் இருக்கிறார்கள். நம் ஊரில் தாய்வீடும், பத்தியச் சமையலும், குழந்தையைக் குளிப்பாட்ட வரும் அம்மாவும் அந்த இடத்தைப் பெரும்பாலும் நிரப்பிவிடுகிறார்கள். தாய்ப்பால் கொடுப்பதில் சிக்கல் என்றால் அதற்கென்று பயிற்சி பெற்ற ஆலோசகரையோ குழந்தை மருத்துவரையோ பார்ப்பதே சரி.

பலன் உண்டா?

உண்டு. ஆனால் விளம்பரங்களில் சொல்லும் அளவுக்கு இல்லை.

குவாத்தமாலாவில் நடந்து 1980-ல் வெளியான ஆய்வு ஒன்று இந்தத் துறையையே தொடங்கி வைத்தது எனலாம். முன்பின் தெரியாத ஒரு பெண் கூடவே இருந்து பேசி, தடவி, ஆறுதல் சொன்ன தாய்மார்களுக்கு, மருத்துவமனையில் சேர்ந்ததில் இருந்து பிள்ளை பிறக்க 9 மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆனது. துணை இல்லாதவர்களுக்குச் சுமார் 19 மணி. ஆனால் அது மிகச் சிறிய குழு, அந்தக் காலத்து நெரிசலான வார்டு. 2017-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 நாடுகளில் நடந்த ஆய்வுகளை, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. தொடர்ச்சியான துணை இருந்தவர்களுக்குப் பிரசவ நேரம் சராசரியாக 40 நிமிடம்தான் குறைந்திருந்தது. சிசேரியன் வாய்ப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தது. பிரசவத்தைக் கசப்பான அனுபவமாகச் சொன்னவர்களும் குறைவு. ஆய்வுகளின் தரம் ஒரே மாதிரி இல்லை என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது.

துணை என்பது டூலாவாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. சில இடங்களில் துணை நின்றது மருத்துவமனை ஊழியர், சில இடங்களில் டூலா, சில இடங்களில் பெண்ணின் உறவினரோ தோழியோ. சிசேரியன் குறைந்தது டூலா இருந்த இடங்களில்தான் தெளிவாகத் தெரிந்தது. மனநிறைவு, சொந்த மனிதர்கள் நின்ற இடங்களில்.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது 64 அளவில், அரசு மருத்துவமனைகளில் 36. இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் மருத்துவக் காரணங்கள் இருக்கின்றன, மருத்துவமனையின் பழக்கம் இருக்கிறது, நாள் பார்த்துப் பிள்ளை எடுக்கச் சொல்லும் குடும்பங்களும் இருக்கின்றன. ஒரு டூலா இதையெல்லாம் தனியாக மாற்றிவிட முடியாது. சுகப்பிரசவம்தான் உங்கள் முதல் விருப்பம் என்றால், அதில் பொறுமை உள்ள டாக்டரைத் தேர்ந்தெடுப்பது டூலாவைவிட முக்கியம் என்பது என் எண்ணம்.

முதல் படி: எந்த ஊரில் பிரசவம்?

இதைக் கேட்டால் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். சென்னையில் செக்கப், ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு, அப்படியே மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ பயணம். சென்னையில் இருக்கும் டூலா அங்கே வரமாட்டார். பெரிய நகரங்களுக்கு வெளியே டூலா கிடைப்பதே அரிது. போனில் மட்டும் வழிகாட்டும் டூலாக்கள் இருக்கிறார்கள், அது கர்ப்பகால வகுப்புக்கு உதவும். வலி எடுத்த பிறகு இடுப்பை அழுத்திப் பிடிக்கக் கை வேண்டும்.

ஆக, ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்தவுடன் இதை வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். எந்த ஊர், எந்த மருத்துவமனை, எந்த டாக்டர். இது தெரியாமல் அடுத்த படிக்குப் போக முடியாது.

இரண்டாம் படி: மருத்துவமனையிடம் நேராகக் கேளுங்கள்

அரசு மருத்துவமனை என்றால் விடை ஓரளவு தெளிவு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2000-களின் நடுவில் இருந்தே பிரசவத் துணையாளர் முறை உண்டு. மத்திய அரசும் 2016-ல் இதற்கு வழிகாட்டுதல் கொடுத்தது. அதன்படி துணைக்கு நிற்பவர் பெண் உறவினர், பிரசவ அனுபவம் உள்ளவராக இருந்தால் நல்லது. மற்றவர்களின் மறைவுக்கு வழி இருக்கும் இடத்தில் கணவரையும் அனுமதிக்கலாம். தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை வேண்டும், கடைசிவரை இருக்கத் தயாராக இருக்க வேண்டும், ஊழியர்கள் வேலையில் தலையிடக் கூடாது, பக்கத்துக் கட்டிலுக்கு உதவப் போகக் கூடாது. காசு கொடுத்து அமர்த்தும் டூலாவுக்கு இதில் இடம் இல்லை. அதனால் அரசு மருத்துவமனையில் பெறப்போகிறீர்கள் என்றால் டூலாவுக்கான பணத்தைப் பத்திரமாக வைத்துவிட்டு, கடைசிப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

தனியார் மருத்துவமனை ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. சிலவற்றில் வலி, பிரசவம், ஓய்வு எல்லாம் ஒரே தனியறையில். அங்கே கணவர், டூலா இருவரையும் விடுவார்கள். சிலவற்றில் பொதுவான லேபர் வார்டு, திரை மட்டும்தான், ஒருவருக்குத்தான் அனுமதி. இன்னும் சிலவற்றில் யாருக்குமே இல்லை.

டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "வலி வந்ததில் இருந்து பிள்ளை பிறக்கும்வரை என்கூட யார் இருக்கலாம், டாக்டர்? எத்தனை பேர்? டூலா வந்தால் அவரையும் கணக்கில் எடுப்பீர்களா?" ஒருவர்தான் என்றால், கணவரும் டூலாவும் மாறி மாறி வரலாமா என்று கேளுங்கள். உங்கள் டாக்டர் ஊரில் இல்லாத நாளில் பிரசவம் பார்ப்பவரும் இதை ஒப்புக்கொள்வாரா? சிசேரியன் ஆனால் தியேட்டருக்குள் யாராவது வரலாமா? வலியின்போது நடக்கலாமா, தண்ணீர் குடிக்கலாமா, குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்கும் மானிட்டர் தொடர்ந்து போட்டிருக்குமா?

டாக்டர் சரி சொன்னால் அதை உங்கள் செக்கப் ஃபைலிலேயே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு லேபர் வார்டு பொறுப்பு சிஸ்டரைப் பார்த்து அதையே ஒருமுறை கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் போய் நிற்கும்போது கதவைத் திறப்பவர் டாக்டர் இல்லை. பகலில் கிடைத்த "ஓகே" ராத்திரிப் பணியில் இருப்பவருக்குத் தெரியாமல் போவது சகஜம். எழுத்தில் இருந்தால் வாக்குவாதமே வராது.

வேண்டாம் என்று சொன்னால்? டூலா முக்கியம் என்று நினைத்தால், ஆறாம் மாதத்துக்குள் மருத்துவமனையை மாற்றலாம். ஆனால் டூலாவை விடுகிறார்கள் என்பதற்காக மட்டும் ரத்த வங்கி வசதியோ பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவோ இல்லாத இடத்துக்குப் போவது சரியான பேரம் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை என்று ஏதாவது இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

மூன்றாம் படி: வீட்டு ஆட்களைக் கண்திறந்து பாருங்கள்

யாரை நினைத்தால் உங்களுக்குப் பயம் குறைகிறது? பாசம் இருப்பதும், பக்கத்தில் நின்றால் தெம்பு வருவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மகள் வலியில் துடிப்பதைப் பார்த்ததும் அழுதுவிடும் அம்மாக்கள் உண்டு. ரத்தம் பார்த்தால் மயங்கும் கணவர்கள் உண்டு. அத்தையிடம் கூச்சம் இருக்கும், ஆனால் அவர் பேச்சில் ஒரு நிதானம் இருக்கும். இரண்டு பிள்ளை பெற்ற அக்கா எல்லாருக்கும் மேலாக இருப்பார்.

ஆளைக் கண்டுபிடித்துவிட்டால், அவர் உண்மையிலேயே வர முடியுமா என்று கேளுங்கள். முட்டி வலி உள்ள அம்மாவால் ராத்திரி முழுக்க நிற்க முடியாது. அக்காவின் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? கணவர் கப்பலிலோ வளைகுடாவிலோ வேலை என்றால் குறித்த தேதியில் வந்து சேர்வது கையில் இல்லை.

இப்படி யோசித்தால் விடை தானாகவே கிட்டே வந்துவிடும். தெம்பான, நிதானமான, வரக்கூடிய ஒருவர் இருந்து, மருத்துவமனையும் ஒருவரைத்தான் விடும் என்றால் டூலாவுக்கான தேவை குறைவு.

அமர்த்தலாம் என்று நான் சொல்லும் இடங்கள் வேறு. சொந்தங்கள் தொலைவில் இருக்கும் குடும்பம், தனியாகப் பிள்ளை பெறும் பெண், முதல் பிரசவத்தில் மனம் உடைந்து போனவர், முன்பு ஒரு குழந்தையை இழந்து இப்போது ஒவ்வொரு நாளும் பயத்தோடு கழிப்பவர், முதலில் சிசேரியன் ஆகி அடுத்ததைச் சுகப்பிரசவமாக முயல டாக்டர் ஒப்புக்கொண்டவர். இவர்களுக்கு, பதற்றப்படாத, பல பிரசவங்களைப் பார்த்த ஒரு ஆள் நிஜமாகவே உதவுவார்.

தேதி குறித்த சிசேரியன் என்றால் பொதுவாகத் தேவை இல்லை. அதேபோல டூலாவுக்குக் கொடுக்கும் பணத்தால் ஸ்கேனிலோ சத்தான சாப்பாட்டிலோ மருத்துவமனை டெபாசிட்டிலோ கை வைக்க வேண்டி வருமென்றால், வேண்டாம். பிள்ளைக்கு எந்தக் குறையும் வைத்ததாக ஆகாது.

நான்காம் படி: டூலாவைச் சந்தியுங்கள்

ஆறாம் மாதம் நல்ல நேரம். எட்டாம் மாதம் வரை தள்ளினால் நல்லவர்கள் அந்தத் தேதிக்கு வேறு யாருக்காவது வாக்குக் கொடுத்திருப்பார்கள். ஒருவரோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள், கணவரோ அம்மாவோ கூட இருக்கும்போது பேசுங்கள்.

எங்கே பயிற்சி எடுத்தார், எத்தனை பிரசவத்தில் கூட இருந்தார், உங்கள் மருத்துவமனையில் முன்பு போயிருக்கிறாரா என்பதெல்லாம் எல்லாரும் கேட்பதுதான். இன்னும் முக்கியமானவை: உங்கள் தேதியை ஒட்டி வேறு எத்தனை பேருக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்? இரண்டு பேருக்கு ஒரே நாளில் வலி வந்தால் யாரை அனுப்புவார், அந்த மாற்று ஆளை நீங்கள் முன்பே பார்க்கலாமா? வலி தொடங்கியதும் வீட்டுக்கு வருவாரா, நேராக மருத்துவமனைக்கா? வலி வர மருந்து வைத்து, இரண்டு நாள் இழுத்தால் என்ன செய்வார்?

முதுகில் ஊசி போட்டு வலியை மரத்துப்போகச் செய்யும் எபிட்யூரல் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கட்டாயம் கேளுங்கள். "அது உங்க விருப்பம், எடுத்தாலும் நான் கூட இருப்பேன்" என்பவர் நல்ல டூலா. முகம் சுளித்தால், வலியின் உச்சத்தில் நீங்கள் மருந்து கேட்கும்போதும் அந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

மொழியையும் பாருங்கள். நகரத்து டூலாக்களில் சிலர் ஆங்கிலத்தில்தான் சரளம். வலியில் வருவது தாய்மொழி. அதோடு வெளியே உட்கார்ந்திருக்கும் மாமியாரிடமும் ஆயாம்மாவிடமும் பேச வேண்டியவரும் அவர்தான்.

கீழே உள்ளதில் ஒன்று காதில் விழுந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்:

- "சுகப்பிரசவத்துக்கு நான் கியாரண்டி."
- "இந்த ஸ்கேன், தடுப்பூசி எல்லாம் தேவையே இல்லை."
- "டாக்டர் சொல்றதை நம்பாதீங்க, எல்லாம் காசுக்குத்தான்."
- "வலி வர விளக்கெண்ணெய் குடிங்க."
- "நான் சொல்றவரை மருத்துவமனைக்குப் போக வேண்டாம்."
- "வீட்லயே பார்த்துக்கலாம், நான் இருக்கேன்."

கடைசி வரியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஒரு இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிமிடங்களில் ஆளைச் சாய்க்கும். அதை நிறுத்த மருந்தும் ரத்தமும் கைதேர்ந்தவர்களும் வேண்டும். டூலாவிடம் இவை மூன்றுமே இல்லை.

ஐந்தாம் படி: பணமும் பேச்சும்

கட்டணம் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். தொகையைவிட அதற்குள் என்னென்ன அடங்கும் என்பதைப் பாருங்கள். பிரசவத்துக்கு முன் எத்தனை சந்திப்பு, எந்த வாரத்தில் இருந்து எந்த வாரம் வரை கூப்பிட்டதும் வருவார், பிரசவத்துக்குப் பின் எத்தனை முறை வீட்டுக்கு வருவார், ராத்திரிப் பயணச் செலவு யாருடையது. அவசர சிசேரியன் ஆகி அவரை உள்ளே விடாவிட்டால், அல்லது பிள்ளை முந்திக்கொண்டு அவர் வந்து சேருவதற்குள் பிறந்துவிட்டால் பணம் எவ்வளவு திரும்பும்? மாற்று ஆள் வந்தால் அதே கட்டணமா? எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவக் காப்பீட்டில் இந்தச் செலவு பொதுவாக வராது, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். உங்கள் படமோ குழந்தையின் படமோ கேட்காமல் வெளியிடக் கூடாது என்பதும் அந்த ஒரு பக்கத்தில் இருக்கட்டும். பிரசவப் படங்களை விளம்பரத்துக்குப் போடும் பழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது.

வீட்டில் சொல்வதுதான் பலருக்குக் கஷ்டம். "நாங்க எல்லாம் இருக்கும்போது காசு கொடுத்து ஆள் எதுக்கு?" என்று அம்மா கேட்பார். அந்தக் கேள்விக்குள் ஒரு வருத்தம் இருக்கிறது, தன்னைத் தள்ளி வைக்கிறாளோ என்று. ஆய்வுகளை எடுத்துச் சொல்வதால் அந்த வருத்தம் தீராது. "அம்மா, நீ எனக்குப் பிள்ளை பொறந்த அப்புறம் நாப்பது நாள் வேணும். அந்த ஒரு ராத்திரியில நீ களைச்சுப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? அவங்க முதுகைப் பிடிச்சுக்கட்டும், நீ என் பக்கத்துல உக்காரு" என்று சொல்லிப் பாருங்கள். டூலாவோடு நடக்கும் முதல் சந்திப்பில் அம்மாவையும் உட்கார வையுங்கள். நல்ல டூலா என்றால் அம்மாவிடம் அவருடைய பிரசவக் கதையைக் கேட்டுத்தான் பேச்சையே தொடங்குவார்.

கணவர் ஒதுங்கிக்கொள்ள இது சாக்காகவும் ஆகக் கூடாது. கையெழுத்து, பணம், ரத்தம் ஏற்பாடு, டாக்டரிடம் பேசி முடிவெடுப்பது எல்லாம் குடும்பத்தின் வேலை.

டூலாவுக்கு முன் மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டியவை

டூலா இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. ரத்தப்போக்கு. குழந்தையின் அசைவு குறைவது. பனிக்குடம் உடைவது, அதிலும் தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருப்பது. கடுமையான தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்று வலி. காய்ச்சல், வலிப்பு. 37 வாரத்துக்கு முன்பே விட்டுவிட்டு வரும் வலி. வண்டி இல்லாவிட்டால் 108. டூலாவுக்குச் சொல்வதை வண்டியில் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டூலா வேண்டாம் என்று முடிவானால்: வீட்டு ஆளுக்குப் பயிற்சி கொடுங்கள்

2006-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், வருமானம் குறைந்த, முதல் பிள்ளை பெறும் 600 பெண்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. பாதிப் பெண்களின் தோழிக்கோ உறவுப் பெண்ணுக்கோ இரண்டு மணி நேரம் வீதம் இரண்டே வகுப்பு எடுத்தார்கள். அவ்வளவுதான். அவர்கள் துணை நின்ற பெண்களுக்குப் பிரசவ நேரம் குறைந்தது, பிறந்தவுடன் குழந்தையின் நிலையை அளக்கும் அப்கார் மதிப்பெண்ணும் மேலாக இருந்தது. நம் ஊர்க் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. அக்காவும் சித்தியும் அத்தையும் இருக்கிறார்கள், அரசு மருத்துவமனை அவர்களை உள்ளே விடுகிறது. நாம் சொல்லிக் கொடுக்காமல் அனுப்புகிறோம், அதுதான் குறை.

எட்டாம் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். முதல் நாள், மருத்துவமனையைப் பற்றி. முடிந்தால் அவரை ஒரு செக்கப்புக்குக் கூட்டிப் போய், லேபர் வார்டு எந்த மாடி, கழிப்பறை எங்கே, யாரிடம் பாஸ் வாங்க வேண்டும் என்று காட்டுங்கள். சூட்டு வலிக்கும் நிஜ வலிக்கும் உள்ள வித்தியாசம், கர்ப்பவாய் திறப்பது, கடைசியில் முக்கச் சொல்வது என்று பிரசவம் எப்படி நகரும் என்பதை நர்ஸிடமோ டாக்டரிடமோ கேட்டு இருவரும் சேர்ந்து தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் விருப்பங்களையும் அவரிடம் சொல்லி வையுங்கள்: எதற்குப் பயம், வலி மருந்து வேண்டுமா, எதைத் தொட்டால் பிடிக்காது.

இரண்டாம் நாள் கைவேலை. நீங்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக் குனிந்து நில்லுங்கள், அவர் உங்கள் இடுப்பின் அடிப்பகுதியில் உள்ளங்கையை வைத்து அழுத்தட்டும். எவ்வளவு அழுத்தம் சுகமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். வெந்நீரில் நனைத்த துண்டால் ஒத்தடம், மூச்சை மெதுவாக வெளியே விட வைப்பது, கைத்தாங்கலாக நடக்க வைப்பது எல்லாவற்றையும் ஒருமுறை செய்து பாருங்கள். செய்து பார்க்காத கைக்கு அந்த நேரத்தில் எதுவும் நினைவுக்கு வராது.

சொல்லக் கூடாதவற்றையும் சொல்லிக் கொடுங்கள். "நாங்கல்லாம் பெத்துக்கலையா?", "இதுக்கே இப்படிக் கத்துனா எப்படி?" என்ற பேச்சுகள் பெண்ணைச் சுருக்கிவிடும். "இந்த வலி போயிடுச்சு, அடுத்தது வர நேரம் இருக்கு, கொஞ்சம் தண்ணி குடிம்மா" என்பது போதும். பல நேரம் பேசவே வேண்டாம், கை தோளில் இருந்தால் போதும்.

துணைக்கு வருபவர் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். மாற்றுப் புடவை, வழுக்காத செருப்பு, போன் சார்ஜர், பிஸ்கட் எடுத்துக்கொள்ளட்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால் மாற்றிவிட இன்னொருவர் தயாராக இருக்கட்டும், இருவரின் பெயரையும் மருத்துவமனையில் முன்பே கொடுத்து வையுங்கள்.

பிள்ளை பிறந்தவுடன் அவருக்கு இன்னொரு வேலை இருக்கிறது. தாயும் குழந்தையும் நலம் என்றால், குழந்தையைத் தாயின் மார்போடு போட்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைக்கச் சொல்லி சிஸ்டரிடம் கேட்க வேண்டும். சேனை வைக்க யாராவது தேனோடும் சர்க்கரைத் தண்ணீரோடும் வந்து நின்றால், "டாக்டர் தாய்ப்பால் மட்டும்தான்னு சொல்லியிருக்காங்க பெரியம்மா, நீங்க பிள்ளையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று சொல்லத் தெரிந்தவராக அவர் இருக்கட்டும்.